கலரம்மாவும் ஒரு டிக் சத்தமும்

எங்கள் கண்காணிப்புக் கேமரா ரிப்பேர் கடைக்கு வரும் போன்களை நான்தான் எடுப்பேன். எடுத்து எடுத்தே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது என்பது என் கட்சி. "சார், எங்க வீட்டு வாசல் ரோஸ் கலராயிடுச்சு" என்பார் ஒருவர். "செடியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா தெரியுது" என்பார் இன்னொருவர். ஒரு அம்மாள் ஒருநாள் மத்தியானம் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "காலைல என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை போட்டுட்டுப் போனார். கேமராவுல பாத்தா கத்திரிப்பூ கலர் சட்டையில திரும்பி வர்றார். எங்க போய் மாத்தினார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." நானா மாத்திவிட்டேன்? அந்த அம்மாள் வேலையிலிருந்து வீடு திரும்புவதற்குள் கேமராவைச் சரிசெய்ய ஓடினோம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய புண்ணியம் எங்களுக்கு உண்டு.

இத்தனை புகாருக்கும் பெரும்பாலும் ஒரே நோய்தான். கேமராவின் கண்ணுக்குப் பின்னால் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. பகலில் அது குறுக்கே வந்து நின்று, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுக்கும். இருட்டினால் 'டிக்' என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியும். விளக்கைப் போட்டால் இன்னொரு 'டிக்', பழையபடி குறுக்கே வந்துவிடும். ஒதுங்கிய கண்ணாடி திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் மறுநாள் பகலில் உலகமே ரோஸ் நிறம். இதுதான் நோய். வைத்தியர் என் மனைவி.

அவளை எல்லோரும் கலரம்மா என்கிறார்கள். கடைப் பலகையில் இருப்பது என் பெயர். ஆனால் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிர்க் கடைக்காரருக்கே தெரியாது. கலரம்மா வீட்டுக்காரர் என்றால் தெரியும். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், கொஞ்சம் உண்டு.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பச்சையும் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான், பிறந்ததிலிருந்தே. கலர் சரிசெய்யும் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கலர் தெரியாது. வாடிக்கையாளர் ரோஸ் என்றால் ரோஸ், ஊதா என்றால் ஊதா, நான் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொள்வேன். இதனால் ஒரு காலத்தில் என் பிழைப்பே போக இருந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்கு ஒயர் இழுக்கும் வேலை, அவளுக்கு மேசையில் பழுது பார்க்கும் வேலை. ஒயருக்குள்ளே நிறம் நிறமாக இழைகள் இருக்கும். நான் பச்சையைக் கொண்டுபோய்ப் பழுப்பில் முறுக்கிவிட்டு வருவேன். மேனேஜர் திட்டித் தீர்ப்பார். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், என் பையிலிருந்த எல்லா ஒயர் முனைகளிலும் சின்னச் சின்னதாக ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். என்னுடையதில் மட்டுமல்ல, எல்லோருடையதிலும். "இனிமே எல்லாரும் நம்பர் பாத்து மாட்டினா தப்பே வராது சார்" என்று மேனேஜரிடம் பொதுவாகச் சொல்லிவிட்டு, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உனக்குக் கலர் தெரியாதா என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. ரொம்ப நாள் கழித்து நானாகச் சொன்னபோது, "தெரியும். அதுக்கென்ன" என்றாள். அந்த 'அதுக்கென்ன'வைக் கேட்ட பிறகுதான் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"எங்க அப்பா வீட்டு ஹால் கேமராவுல கலர் சரியில்ல. நாளைக்கே பாத்துக் குடுக்க முடியுமா? டாக்டர்கிட்ட காட்டணும்."

"கேமராவையா?" என்றேன். என் வாய் அப்படி.

"அப்பா முகத்த" என்றார்.

அதன்பிறகு நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மகளுக்கு வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வார். அப்பா ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். மூன்று வாரமாக அவர் முகம் மெழுகு மாதிரி வெளுத்துத் தெரிகிறது, கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. போனில் பேசினால் ஒற்றை வார்த்தை, அதற்குமேல் வாயைத் திறப்பதில்லை. படம் தெளிவாக இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"தினமும் எத்தனை நோயாளியப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா சார். தனியா விட பயமா இருக்கு. நானும் நாள் முழுக்க ட்யூட்டியில இருக்கேன், வீட்டுல வச்சுப் பாத்துக்க ஆள் இல்ல. எங்க வீட்டுக்குப் பக்கத்துல முதியோர் இல்லத்துல சொல்லி வச்சுட்டேன். திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகப்போறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த வீட்ட விட்டு நகரமாட்டேன்னு சண்டை போடுவார்னு நினைச்சேன். சரின்னுட்டார் சார். அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் போனோம். ஏணி என் தோளில், பெட்டி அவள் கையில். தெருக் கடைசியில் சின்ன வீடு. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெடுநெடுவென்று உயரம், அடர்ந்த நிறத்தில் சட்டை, பஸ்ஸின் முன் கண்ணாடிக்குப் பின்னால் வருஷக்கணக்காக வெயில் குடித்த முகம். வெளுப்பாவது ஒன்றாவது. ஆனால் ஆளிடம் உற்சாகம் என்பது மருந்துக்கும் இல்லை. "அங்க இருக்கு" என்று அலமாரி மேலிருந்த கேமராவைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். செருப்புகள் வாசலைப் பார்த்து நேராக இருந்தன, சாவிகள் வரிசையாகத் தொங்கின, கதவோரம் ஒரு பை ஜிப் போட்டுத் தயாராக நின்றது.

கலரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேமராவைத் தொடுவதற்கு முன்னால், அது யாரைப் பார்க்கிறதோ அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால்தான் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று தெரியுமாம். இதனால் எத்தனையோ வீடுகளில் எனக்குச் சங்கடமாகியிருக்கிறது. ஒரு வீட்டில் தொட்டிலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். அன்றும் நேராகப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது என் இடம்" என்றார் பெரியவர்.

"தெரியும்ப்பா. அதனாலதான் உக்காந்தேன்."

பெட்டியிலிருந்து பழைய கறுப்புக் குடைத்துணியை எடுத்து மடியில் விரித்தாள். அவளுடைய பரிசோதனைக் கருவி அதுதான். கண்ணாடி சிக்கியிருந்தால் கறுப்புக் குடைத்துணி படத்தில் கறுப்பாகத் தெரியாது. மகள் எங்கள் போனிலும் படம் தெரிய வழி செய்திருந்தார். கலரம்மா என்னிடம் கலர் கேட்க மாட்டாள். பெரியவரிடம் போனை நீட்டி, "என்ன கலர்ல தெரியுது, சொல்லுங்க" என்றாள்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "கறுப்புத் துணி. இதுல என்னமோ கத்திரிப்பூ கலர்ல இருக்கு."

"உங்க சட்டையும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். உங்க முகம் வெளுத்துப் போன மாதிரி தெரிஞ்சிருக்கும், உங்க பொண்ணுக்கு."

"அவ எங்க பாத்தா" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. "அவ என்னைப் பாக்கறத நிறுத்தி மூணு வாரமாச்சு."

கலரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எப்படிப்பா சொல்றீங்க?"

அவருக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டால் மனசு நிற்காது இல்லையா. நின்றபடியே சொன்னார்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து பாப்பாம்மா. அவ பாத்தா இதுல 'டிக்'னு ஒரு சத்தம் வரும். உடனே எழுந்து லைட்டப் போடுவேன், பிள்ளைக்கு முகம் தெரியட்டும்னு. போட்டதும் இன்னொரு டிக். 'தெரியுதுப்பா'ன்னு சொல்ற மாதிரி. அப்பறம் உக்காந்து எல்லாம் சொல்லுவேன். சாப்ட்டேன், நடந்தேன், பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுது, எல்லாம். படுக்கறப்ப லைட்ட அணைச்சா ஒரு டிக் வரும். அதோட அவளும் தூங்கப் போயிடுவா."

சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பஸ் ஓட்டின காதும்மா இது. எஞ்சின்ல ஒரு நட்டு லூஸானா எனக்குத் தெரியும். திடீர்னு ஒருநாள் அந்தச் சத்தம் வரல. வேலை அதிகமா இருக்கும்னு விட்டுட்டேன். மறுநாளும் வரல. அப்பறம் லைட்டே போடறதில்ல, யாருக்காகப் போடறது. இப்ப இல்லத்துல சேக்கறேங்கறா. பாக்கறதே அவளுக்குக் கஷ்டமாப் போச்சு, இனி நான் இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன. சரின்னுட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. அட மனுஷா, இருட்டினால் வரும் சத்தத்தைப் போய் மகள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாயே என்று தொண்டை வரை வந்துவிட்டது. "ஐயா, அந்தச் சத்தம் எதனாலன்னா..." என்று ஆரம்பித்தேன். என் கால் விரல்மேல் கலரம்மாவின் குதிகால் இறங்கியது.

"ஏணி சரியுது பாருங்க, போய்ப் பிடிங்க" என்றாள். ஏணி சுவரோரம் சாதுவாகச் சாய்ந்திருந்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தச் சத்தம் போடற பாகம்தான்ப்பா கெட்டுப்போச்சு" என்றாள் அவரிடம். "அதனாலதான் கலரும் போச்சு. உங்க பொண்ணு பாக்கறத நிறுத்தவே இல்ல. உங்க முகம் வெளுத்துத் தெரியுதேன்னு பயந்துபோய் அவங்கதான் எங்களை அனுப்பினாங்க."

"அப்படியா" என்றார். பின்னாலிருந்து யார் 'ரைட்' சொன்னாலும் தானும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பார் போல. "சாயங்காலம் சத்தம் வருதான்னு பாப்போம்."

வழக்கமாக வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே மேசைமேல் வைத்துப் பிரித்துவிடுகிறவள், அன்று கேமராவைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள். வாசல் படியில் உட்கார்ந்து பவர் பேங்கில் மாட்டி, திருகாணிகளைக் கழற்றினாள். குழந்தையிடம் பேசுவதுபோல், "எங்கடா வலிக்குது உனக்கு" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்வாள், அது அவள் வழக்கம். கண்ணாடி ஓடும் தடத்தில் ஒரு குட்டி எறும்பு செத்துக் காய்ந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு எறும்பு, கிட்டத்தட்ட ஒரு மனுஷனை வீட்டை விட்டே கிளப்பிவிட்டது. ஊசி முனையால் அதை எடுத்துப்போட்டு, தடத்தைத் துடைத்து, கட்டைவிரலால் கேமராவின் கண்ணை மூடினாள். டிக். விரலை எடுத்தாள். டிக்.

இந்தச் சோதனையை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் வெளியே வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் என்னைச் சொல்லவிடல?" என்றேன் மெதுவான குரலில். விரல் இன்னும் வலித்தது. "எத்தனை நாளைக்கு அவர் இதை நம்பிட்டிருக்கறது? இது பொய் இல்லையா?"

"நான் அவர்கிட்ட என்ன பொய் சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். சத்தம் போடும் பாகம் கெட்டது நிஜம். மகள் பயந்தது நிஜம், பார்த்ததும் நிஜம். ஒன்றும் அகப்படவில்லை. "நீ சொல்லல. ஆனா அவர் நினைக்கறது பொய்தானே?"

"அத நிஜமாக்கிட்டாப் போச்சு" என்று மகளுக்குப் போன் போட்டாள்.

அப்பாவின் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு கேமராவில் என்று கேட்டதும் அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு கலரம்மா டிக் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நான் சாயங்காலம் பாக்கறதே இல்லக்கா" என்றார் அந்தப் பெண். "அந்நேரம் பஸ்ல தொங்கிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தா சமையல், துணி. மத்தியானம்தான் ஒரு எட்டு பாப்பேன். தினமுமா பேசினார்?"

"தினமும்."

"எனக்கு ஒரு நாளும் கேக்கலயே."

"ஸ்பீக்கர் படம் ஒண்ணு இருக்கும், குறுக்க கோடு போட்டிருக்கும். அத ஒரு தரம் தொட்டாக் கேக்கும்."

அந்தப் பெண் இத்தனை நாளும் அதைத் தொட்டதில்லை. குற்றம் சொல்ல நான் யார், என் போனிலேயே பாதிப் படங்கள் எதற்கு என்று எனக்குத் தெரியாது. கலரம்மா நிதானமாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். செட்டிங்கில் பகல், இரவு என்று இரண்டு பட்டன் இருக்கும். இரவைத் தொட்டால் வெளிச்சம் இருந்தாலும் அந்தக் கண்ணாடி நகரும். "கண்டுபிடிச்சு வச்சுக்கங்க. இப்ப தொடாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் சாயங்காலம் எப்படியாவது நேரத்தோட உக்காந்து பாருங்க."

"இன்னிக்கு மட்டுமாக்கா?" என்றார் அந்தப் பெண்.

கேமராவை அலமாரிமேல் மாட்டிவிட்டு, "எறும்பு பூந்துடுச்சுப்பா, எடுத்தாச்சு" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கிளம்பினோம் என்றால் கேட் வரைக்கும்தான். இருட்டட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் மதில்மேல் பெட்டியை வைத்துவிட்டாள். இன்னொரு வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். "போன் பண்ணி நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கேன்" என்றாள். சொன்னேன். திட்டும் வாங்கினேன்.

பொழுது இறங்கியது. பக்கத்து வீட்டுக் குழாய் நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஹாலில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் உருவம் மட்டும் தெரிந்தது. விளக்குப் போடவில்லை. கலரம்மாவின் போனில் மகள் இருந்தார். கேமராவின் சத்தத்தைத் திறந்து வைத்திருந்ததால் அந்த ஹாலின் அமைதி அங்கே போய் எங்களுக்குத் திரும்பி வந்தது.

டிக்.

உருவம் அசையவில்லை. அவருக்குக் கேட்கவில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். ஹாலில் விளக்கு எரிந்தது. டிக்.

"வந்துட்டியா" என்றார். ஜன்னல் வழியாக ஒருமுறையும், ஒரு மூச்சு தள்ளி போன் வழியாக இன்னொருமுறையும் கேட்டது. "எறும்பு பூந்துடுச்சாம்ல. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். முகம் வெளுத்துப் போச்சுன்னு பயந்தியா? இந்தா, நல்லாப் பாரு." அலமாரிக்குக் கிட்டே போய், ஒரு கன்னத்தைக் காட்டினார், மறு கன்னத்தைக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கேன். மத்தியானம் சரியா சாப்பிடல. இப்ப சாப்ட்டுடறேன்."

போனில் மகள் அழும் சத்தம் கேட்டது.

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "பை எடுத்து வச்சிருக்கேன். நீ வான்னா வரேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா இத மட்டும் கேட்டுக்க. உனக்குப் பாக்க முடியலைன்னு நினைச்சுத்தான் சரின்னேன். நீ பாப்பேன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்ம்மா." அண்ணாந்து அந்தச் சின்னக் கண்ணையே பார்த்தார். "கேக்குதா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனி அவராக அணைக்கும்வரை அந்தக் கேமரா தானாகச் சத்தம் போடாது. எனக்குத் தெரியும், கலரம்மாவுக்குத் தெரியும். அவர் நின்றுகொண்டே இருந்தார். மகளிடம் அவருடைய 'கேக்குதா' இப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கலரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் போனிடம் வாயைக் கொண்டுபோனாள், ஆனால் இரவுப் பட்டனைத் தொடுங்கள் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிக்.

"சரிம்மா" என்றார் பெரியவர். கதவோரம் போய் அந்தப் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். நாற்காலியைக் கேமராவுக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மூன்று வாரக் கதை சேர்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து ஆரம்பித்தார்.